ஏட்டின் நோட்டில் இருக்கும் வழக்குகள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றம். காலை பத்தேகால் மணி. வேப்பமரத்தடியில் நிறுத்திய பைக்கின் மேல் பையை இறக்கி வைத்து, அதிலிருந்து நீளவாட்டு நோட்டு ஒன்றை எடுக்கிறார் கோர்ட் ஏட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பக்கத்துக்கு ஐந்து கட்டம். குற்ற எண், சி.சி. நம்பர், சாட்சி பெயர், அடுத்த வாய்தா. ஐந்தாவது கட்டத்துக்குத் தலைப்பு கிடையாது. விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ‘சாட்சி 3 வண்டன்மேடு, மகன் செல்லுக்குப் பேசணும்.’ ‘டாக்டர் மாறுதல்.’ ‘ஐ.ஓ. ரிட்டயர்டு.’ ‘ப்ராப்பர்ட்டி இன்னும் வரல.’ பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, அந்தக் கட்டம் மட்டும் கறுத்துப் போயிருக்கிறது.

சற்று நேரத்தில் அரசு உதவி வழக்கறிஞர் வருகிறார். ஏ.பி.பி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான்கைந்து காவல் நிலையங்களின் கோர்ட் ஏட்டுகள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வழக்குக் கட்டு. இன்றைக்கு எந்த வழக்கு, எந்தச் சாட்சி வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று நின்றபடியே கேட்டுக்கொள்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வந்திருப்பவரைத் தனியே உட்காரவைத்துப் பேச அவருக்கு நேரமில்லை. கட்டின் நாடாவை அவிழ்த்து நாலு பக்கம் புரட்டுவதற்குள் டவாலி பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்.

இந்த வராண்டாக்களில் பல வருஷமாக நின்று பார்த்ததில் என் மனதில் ஊறிவிட்ட முடிவு ஒன்று உண்டு. தேனி மாவட்டத்தில் அரசுத் தரப்பு தன் குற்ற வழக்குகளை எப்படி அடுக்கி வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால், அடுக்கி வைக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். வாய்தா தேதி அடுக்குகிறது. நீதிமன்றம் எந்தத் தேதி கொடுக்கிறதோ அந்தத் தேதியில் கட்டு மேலே வரும். மறுநாள் அடியில் போய்விடும். ஒரு வழக்குக்கு இவர்தான் பொறுப்பு என்று கைகாட்ட, தொடக்கம் முதல் முடிவு வரை எந்த வழக்கறிஞரும் கிடையாது. ஏட்டின் நோட்டு இல்லையென்றால் அந்த வழக்கைப் பற்றிய நினைவும் கிடையாது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த ஏ.பி.பி.க்களில் பலர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வந்தவர்கள், சட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள். பலருக்கு இன்னொரு நீதிமன்றம் கூடுதல் பொறுப்பாக இருக்கும். அவர்களைக் கேட்டால் நான் சொல்வதைவிடக் கூர்மையாகச் சொல்வார்கள். என் கவலையெல்லாம் வேலை பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியது.

நம்மிடம் வழக்குகள் நீதிமன்றத்தின்படி பிரிகின்றன. நடுவர் நீதிமன்றத்துக்கு ஏ.பி.பி.; செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அரசு வழக்கறிஞர், அதாவது பி.பி.; கூடுதல் நீதிமன்றங்களுக்குக் கூடுதல் பி.பி.க்கள், போக்சோ வழக்குக்கும் வன்கொடுமை வழக்குக்கும் சிறப்பு வழக்கறிஞர்கள். வழக்கறிஞர் நாற்காலியோடு கட்டப்பட்டவர். வழக்கு அந்த நாற்காலியைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

வருசநாட்டுப் பக்கம் ஒரு கொலை என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அது ஆண்டிபட்டி நடுவரிடம் போகிறது. ரிமாண்ட் நீட்டிப்பு, குற்றப்பத்திரிகை எல்லாம் அங்கே. குற்றப்பத்திரிகைக்கு பி.ஆர்.சி. நம்பர் விழும். கொலையை நடுவர் விசாரிக்க முடியாது என்பதால், குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு நகல்களைக் கொடுத்து, வழக்கை செஷன்ஸுக்கு ஒப்படைப்பார். தேனி லட்சுமிபுரத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கு எஸ்.சி. நம்பர். அதுவரை ஏ.பி.பி. பார்த்த கட்டு இப்போது பி.பி.யின் கட்டு. தண்டனையோ விடுதலையோ, மேல்முறையீடு என்றால் மதுரைக் கிளை, அங்கே இன்னொருவர். மூன்று வழக்கறிஞர்கள், மூன்று எண்கள். ஒருவர் அடுத்தவரை உட்காரவைத்து, ‘இந்தச் சாட்சி பயப்படுகிறார், இந்த மகஜரில் நேரம் இடிக்கிறது, இந்தப் பொருள் எப்போது ஆய்வகத்துக்குப் போனது என்று கேட்டு வையுங்கள்’ என்று சொல்லி ஒப்படைக்கும் ஏற்பாடு எங்கும் கிடையாது. காகிதம் போய்ச் சேரும். அதைப் படித்தவருக்குத் தோன்றிய சந்தேகம் போய்ச் சேராது.

கஞ்சா வழக்கு இன்னும் தூரம் போகிறது. ஆந்திராவிலிருந்து கம்பம் வழியாக இடுக்கிக்குப் போகும் சரக்கைப் பிடிப்பது தேனி போலீஸுக்கு அன்றாட வேலை. சரக்கு 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பத்து முதல் இருபது வருஷம் வரை சிறை. வழக்கு நடப்பதோ மதுரை சிறப்பு நீதிமன்றத்தில். கூடலூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். போடிக்கு 2023-ல் ரயில் திரும்பி வந்தது, கம்பத்துக்காரர்களுக்கும் கூடலூர்க்காரர்களுக்கும் பஸ்தான் கதி. சோதனைக்குச் சாட்சியாக நின்ற வி.ஏ.ஓ. வேறு தாலுகாவுக்குப் போயிருப்பார். பொட்டலத்தை எடை போட்டவர் ஓர் ஊரில், மாதிரி எடுத்தவர் ஓர் ஊரில் இருப்பார். இந்தச் சட்டத்தில் சின்ன நடைமுறைப் பிழையும் வழக்கைச் சாய்த்துவிடும். சரக்கைச் சோதித்த முறை சரியா, மாதிரி நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்று முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டியவர், வழக்கு விசாரணைக்கு வரும்போதுதான் கட்டைக் கையில் வாங்குகிறார்.

தாமதமாகப் பார்ப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு சுருளி வழக்கைச் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

2011 மே மாதம் சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து இருவரின் உடல்களும் கிடைத்தன. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. 2018-ல் தேனி நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு அவரை விடுதலை செய்தது. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது டி.என்.ஏ. சான்றை. அந்த மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, இடையில் எங்கே இருந்தன, ஏன் தாமதம் என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு இல்லை. அப்படி இருக்கையில் அந்தச் சான்றை நம்ப முடியாது என்றது நீதிமன்றம்.

அத்தோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் சில கட்டளைகளை அது எழுதியது. டி.என்.ஏ. மாதிரி எடுத்ததும் முதல் தகவல் அறிக்கை எண், சட்டப்பிரிவு, காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரங்களோடு ஆவணமாக்க வேண்டும். மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. எடுத்த நிமிடத்திலிருந்து தீர்ப்பு வரை அது கடந்து வந்த கைகளையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி, அதை வழக்கின் ஆவணத்தோடு சேர்க்க வேண்டும்.

இந்தக் கட்டளைகளைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 2011-லேயே அந்த வழக்கு ஒரு வழக்கறிஞர் பெயரில் எழுதப்பட்டிருந்தால், மாதிரி எப்போது ஆய்வகத்துக்குப் போனது என்ற கேள்வி அந்த மாதமே எழுந்திருக்கும். அப்படிக் கேட்க யாரும் இல்லாததால், பதினான்கு வருஷம் கழித்து டெல்லியில் கேட்டார்கள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்ததோடு நீதியையும் இழந்து நிற்கின்றன. ஒரு மனிதர் வருஷக்கணக்கில் தூக்குக் கயிற்றின் நிழலில் கிடந்தார். தவறாகச் சிறையில் கிடந்தவர்களுக்கு இழப்பீடு என்பது சட்டமியற்றும் அவை யோசிக்க வேண்டிய விஷயம் என்றும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அரசுத் தரப்பின் ஒழுங்கின்மையால் குற்றவாளி மட்டும்தான் தப்புகிறான் என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே வழக்கறிஞர் தலையிடுவது புலனாய்வில் கை வைப்பதாகாதா என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நடுவர் நீதிமன்றங்களில் போலீஸ் அதிகாரிகளே வழக்கு நடத்தினார்கள். 1973-ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தடுத்தது. அதற்குப் பிறகும் உதவி வழக்கறிஞர்கள் போலீஸ் துறையின் நிர்வாகத்தின் கீழேயே இருந்த மாநிலங்கள் உண்டு. அந்தக் கட்டை அறுக்க 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2000-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு. திருமணமாகிச் சில மாதங்களே ஆன பெண்ணின் மரணம். கட்டை அரசு வழக்கறிஞரிடம் காட்டி, அவர் கருத்தைப் பெற்றுக் குற்றப்பத்திரிகையைத் திருத்தித் தாக்கல் செய்யுமாறு உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் மேல் குற்றம் சாட்டுவது என்பது போலீஸின் முடிவு, அதை அரசு வழக்கறிஞரின் சொல்லுக்குக் கட்டுப்படுத்த முடியாது என்றது.

அந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டையில்லை. போலீஸுக்கு வேண்டிய வக்கீலாக அரசு வழக்கறிஞர் ஆகிவிடக் கூடாது. அவர் நீதிமன்றத்துக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர், எதிரிக்குச் சாதகமான காகிதம் கட்டில் இருந்தால் அதையும் சேர்த்து. ஆனால் யாரைக் குற்றவாளியாக்குவது என்று முடிவெடுப்பது வேறு, சேகரித்த சான்று கெடாமல் இருக்கிறதா என்று கேட்பது வேறு. முதலாவதைத் தடுத்த தீர்ப்பைக் காரணம் காட்டி இரண்டாவதையும் நாம் விட்டுவிட்டோம். கட்டு கைக்கு வரும் வரை என் பொறுப்பில்லை என்பது வழக்கமாகிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆவது பிரிவு இந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. குற்ற வழக்குத் தொடர்வுக்கான இயக்ககம் 2005-ஆம் வருஷத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. புதிய சட்டம் மாவட்ட அளவிலும் அலுவலகம் பற்றிப் பேசுகிறது. வேலையையும் பிரித்துச் சொல்கிறது. பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளை இயக்குநர் கண்காணிக்க வேண்டும். ஏழு முதல் பத்துக்குள் என்றால் துணை இயக்குநர். அவர் போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து பார்க்கவும் வேண்டும். ஏழுக்குக் கீழே உதவி இயக்குநர்.

பொறுப்பு என்று ஒன்றை ஒருவர் தலையில் வைத்ததே பெரிய முன்னேற்றம். ஆனால் தண்டனையின் கனத்தை வைத்து அடுக்குவது மேலிருந்து பார்ப்பவரின் அடுக்கு. நம் மாவட்டத்தின் சாதாரணக் குடும்பங்கள் கோர்ட்டுக்கு வரும் வழக்குகளில் பெரும்பகுதி ஏழு வருஷத்துக்குக் கீழேதான். கணவன் கொடுமை மூன்று வருஷம். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்து உயிர் போனால் ஐந்து வருஷம். திருட்டு, அடிதடி எல்லாம் அந்தக் கூடைக்குள். அந்தப் பெரிய கூடைக்குள் எதை முதலில் எடுப்பது என்று சட்டம் சொல்லவில்லை. அதை மாவட்டம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எது முதலில் கெடும் என்று பார்த்து அடுக்க வேண்டும் என்கிறேன் நான். கம்பம் சந்தையில் தக்காளிக் கூடையையும் சேனைக்கிழங்கையும் ஒரே அவசரத்தோடு யாரும் இறக்குவதில்லை. குற்ற வழக்கிலும் கெடும் பொருள் உண்டு. கடை வாசல் கேமராவின் பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும். ஆறு வயதுக் குழந்தையின் நினைவு ஆறே மாதத்தில் கலைந்துவிடும்; போக்சோ சட்டம் குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதியச் சொல்வதும், வழக்கை முடிந்தவரை ஒரு வருஷத்துக்குள் முடிக்கச் சொல்வதும் அதனால்தான். எண்பது வயது சாட்சிக்கு அடுத்த வாய்தா நிச்சயமில்லை. ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் மதுரைச் சிறையில் கிடப்பவருக்குக் கெடுவது அவருடைய வயது. ஏழு வருஷம், பத்து வருஷம் என்ற கணக்கில் இது எதுவும் தெரியாது.

பிழைப்புக்காக மலையேறும் சாட்சியும் இந்த வரிசையில் முன்னே நிற்க வேண்டியவர். கூடலூர்ப் பெண் ஒருவரை ஒருநாள் கோர்ட் திண்ணையில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து வீட்டுச் சண்டையில் வெட்டுப்பட்டவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய ஒரே காரணத்துக்காகச் சாட்சி ஆனவர். சம்மனை நாலாக மடித்து, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மஞ்சப்பைக்குள் வைத்திருந்தார்.

“இது நாலாந் தடவ சாமி. ஒரு தடவ எதிரி வரலேன்னாக. ஒரு தடவ வக்கீலுக்குக் காச்சல்னாக. இன்னிக்கு அய்யாவே லீவாம். விடியக்கால ஜீப்ப விட்டுட்டு வந்துருக்கேன். இன்னிக்கிச் சம்பளம் போச்சு.”

சாட்சிக்குப் படி உண்டு, கேட்டு வாங்கலாம் என்று சொன்னேன். அப்படி ஒன்று இருப்பதையே அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. எதிரியின் சொந்தக்காரர் ஒருவர் அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். மிரட்டலெல்லாம் இல்லை, அன்பாகத்தான் கொடுத்தார். அரசுத் தரப்பிலிருந்து அன்றைக்கு அவரிடம் பேசியது ஏட்டு மட்டும்தான். அதுவும் அடுத்த தேதியைச் சொல்ல. ஐந்தாவது தடவை அவர் கூண்டேறி ‘நான் எதையும் பார்க்கல’ என்று சொன்னால், அவர் பெயருக்கு முன்னால் பிறழ் சாட்சி என்று எழுதுவோம். பிறழ்ந்தது அவர்தானா என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டால் கூடலூர், கம்பம், கோம்பை, போடியிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் மலையேறிவிடும். பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஜூன் தொடக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் நாற்றங்கால் வேலை. சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழா வாரம், யாரும் எங்கும் போக மாட்டார்கள். இந்தக் கணக்கு ஏட்டுக்கு அத்துபடி. வாய்தா கொடுக்கும்போது, ‘இந்தச் சாட்சி எடுப்புக்குப் போய்விடுவார், அதற்கு முன்னால் ஒரு தேதி வேண்டும்’ என்று எழுந்து கேட்கும் அரசு வழக்கறிஞர் இருந்தால் நீதிபதிகள் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். அப்படிக் கேட்க அவருக்கு அந்தச் சாட்சியைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க வழக்கு அவருடையதாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கவுண்டி என்னும் மாவட்டத்துக்கு ஓர் அரசு வழக்கறிஞர் அலுவலகம். பெரும்பாலான மாநிலங்களில் அதன் தலைவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது போலீஸ் அல்ல, அந்த அலுவலகம். போதைப்பொருள், குடும்ப வன்முறை, சிறார், மேல்முறையீடு என்று உள்ளே பிரிவுகள். பாதிக்கப்பட்டவரோடு பேசவும், தேதி சொல்லவும், கூட வரவும் தனியாக ஆட்கள். பாலியல் குற்றம், குழந்தைகள் மீதான குற்றம் போன்றவற்றை முதல் நாளிலிருந்து தண்டனை வரை ஒரே வழக்கறிஞரே நடத்தும் முறை பல அலுவலகங்களில் இருக்கிறது. அங்கிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்லவில்லை. தேர்தலுக்கு நிற்பவர் தண்டனையின் எண்ணிக்கையைக் காட்டித்தான் ஓட்டுக் கேட்பார். அங்கே பெரும்பாலான வழக்குகள் விசாரணையே இல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் முடிகின்றன. ஏழை எதிரி, செய்யாததையும் ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்க்கும் ஆபத்து அதில் இருக்கிறது. அது நமக்கு வேண்டாம். ஒரு வழக்கு ஒரு வழக்கறிஞர் என்ற அந்த ஒன்று வேண்டும்.

தேனியில் அதைக் கொலை, போக்சோ, வன்கொடுமை, வணிக அளவு கஞ்சா ஆகிய நான்கில் தொடங்கலாம். முதல் தகவல் அறிக்கை பதிவான வாரமே ஒரு வழக்கறிஞர் பெயர் அதில் ஏற வேண்டும். அவர் புலனாய்வை நடத்த வேண்டாம். சான்றுகளின் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, ஓட்டை இருந்தால் எழுத்தில் சொல்ல வேண்டும். ரிமாண்ட் 60 நாள், 90 நாள், கஞ்சா என்றால் 180 நாள் என்று ஓடும் கெடுவை அவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை இல்லாமல் அந்தக் கெடு தாண்டி ஒரு நாள் போனாலும் எதிரிக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். வழக்கு ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்குப் போனாலும், கம்பத்திலிருந்து மதுரைக்குப் போனாலும் அவர் கூடவே போக வேண்டும். முடியாவிட்டால் கைமாற்றும் நாளில் மூன்று பக்கக் குறிப்பாவது எழுதித் தர வேண்டும்.

ஆளில்லை என்பார்கள். உண்மைதான், காலியிடங்களை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு ஒரே கட்டை மூன்று பேர் முதலிலிருந்து படிக்கிறார்கள், ஒருவரும் முழுதாகப் படிப்பதில்லை. அந்த வீணை நிறுத்தினாலே பாதி ஆள் கிடைத்த மாதிரி. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் சாட்சிகளிடம் பேசுவதற்கென்று ஓர் எழுத்தர் வேண்டும். கணினி ஏற்கெனவே இருக்கிறது. நீதிமன்ற இணையதளத்தில் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் எந்த வழக்கின் வாய்தாவையும் யாரும் பார்த்துவிடலாம். தேதி தெரிகிறது, வழக்கின் நிலை தெரியவில்லை. ஏட்டின் நோட்டில் உள்ள அந்த ஐந்தாவது கட்டம் கணினிக்குள் போக வேண்டும்.

பி.பி. நியமனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும், ஏழு வருஷமாவது தொழில் செய்தவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆட்சி மாறினால் பி.பி. மாறுவார் என்பது தமிழ்நாட்டின் எந்தக் கோர்ட் வராண்டாவிலும் தெரிந்த செய்தி. சட்ட ஆணையம் 2006-ல் தன் 197-ஆவது அறிக்கையை இந்த நியமனங்களுக்கென்றே ஒதுக்கியது. ஆட்சி மாறும் நாளில் பாதி விசாரணையில் நிற்கும் கொலை வழக்குகளை யார் யாரிடம் எப்படி ஒப்படைப்பது என்பதற்காவது ஒரு விதி எழுதக் கூடாதா?

தோற்ற வழக்குகளைப் பற்றி 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குஜராத்தில் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் எதிரியின் விடுதலையை உறுதி செய்யும்போது, எல்லா மாநிலங்களுக்கும் ஒன்று சொன்னது. விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் மூத்த அதிகாரிகள் உட்கார்ந்து ஆராய வேண்டும், தவறு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைத் தண்டிக்கும் வேலையாக மட்டும் செய்தால் எல்லோரும் மறைக்கத்தான் பார்ப்பார்கள். கற்றுக்கொள்ளும் வேலையாகச் செய்ய வேண்டும். முன்மாதிரி நமக்குக் கையருகே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-லேயே எழுதி வைத்திருக்கின்றன: சிறப்பு வழக்கறிஞர்களின் பணியை ஜனவரியிலும் ஜூலையிலும் ஆய்வு செய்ய வேண்டும், வழக்குகளின் நிலையை ஆட்சியரும் மாவட்ட அளவில் அரசுத் தரப்புக்குப் பொறுப்பான அதிகாரியும் பார்த்து மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு வகை வழக்குக்கு எழுதப்பட்ட அந்த ஒழுங்கை மற்ற வழக்குகளுக்கும் விரிக்க ஒரு மாவட்ட ஆட்சியரும் ஒரு மாவட்ட நீதிபதியும் மனம் வைத்தால் போதும். அந்த மாதக் கூட்டத்தில் எத்தனை வழக்கு முடிந்தது என்ற எண்ணிக்கையோடு, எத்தனை சாட்சி வந்து பேசாமல் திரும்பிப் போனார்கள் என்ற எண்ணிக்கையையும் ஒருவர் வாசிக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த நாளின் சாயங்காலம், கோர்ட் கலைந்த பிறகு, ஏட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் சில மாதம்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். இந்த நோட்டை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போவீர்களா என்று கேட்டேன்.

“ஸ்டேஷன் நோட்டு இல்லைங்க சார் இது. கடையில என் காசுக்கு வாங்குனது. வர்ற ஆளுகிட்ட வாயில சொல்லிட்டுப் போவேன், அவரு எழுதிக்கிட்டா எழுதிக்கட்டும்” என்றார். பையின் ஜிப் வேலை செய்யவில்லை. ஒரு நாடாத் துண்டால் அதைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.